முகம் படிக்கத் தெரியாதவன்

கட்டுக்கலை, கண்டி
6.2.2000

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கணபதி எழுதுகிறேன். கடிதத்தின் தலையில் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அம்மா சுகம். கலஹாத் தோட்டத்தில் நம் லய வரிசை வீடுகளில் எல்லோரும் சுகம். என்னைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் ஒரு நோயா என்று நீ கேட்பாய். இல்லை. அப்படியானால் நானும் சுகம்.

உன்னிடம் கேட்காமல் கண்டிக்கு வந்துவிட்டேன். இன்றோடு பத்தொன்பது நாள். கேட்டிருந்தால் குவைத்தில் இருந்தபடியே காலைக் கட்டிப் போட்டிருப்பாய். நடராஜா முதலாளியின் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். கையெழுத்துப் பிரதியை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுத்தாளைப் பார்த்துத் திருத்துவதுதான் இங்கே வழக்கம். எனக்கு இன்னொருவர் தேவையில்லை. ஒருதரம் வாசித்தால் பாடமாகிவிடுகிறது. முதலாளி, "இது என்னா வாயா, டேப் ரெக்கோடரா?" என்றார். அது பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை. மறுநாளும் வரச் சொன்னதால் பாராட்டு என்று வைத்துக்கொண்டேன்.

அறை பஸீஹா உம்மாவின் வீட்டில். அவர் ஒரு விதவை, நல்லவர். நான் பிளேன்டீக் கோப்பையை மூன்று தடவை கைதவறிப் போட்டு உடைத்த பிறகு தகரக் குவளையில் தருகிறார். என் பெயரைப் பொலிஸில் பதிந்துவிட்டார். தமிழாள் யார் தங்கினாலும் வீட்டுக்காரர் பதிய வேண்டும் என்பது சட்டம்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரமே அச்சகப் படியில் விழுந்து மணிக்கட்டு வீங்கிப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட டொக்டர் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மேல்மாடியில் இருந்த ஒரு டொக்டர் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைத் தந்து, படத்தில் உள்ளது போல அடுக்கச் சொன்னார். முடியவில்லை அக்கா. ஏழு வயதுப் பிள்ளை அடுக்குவதை என்னால் அடுக்க முடியவில்லை. பிறகு சொற்களுக்குப் பொருள் கேட்டார். கேட்டதற்கெல்லாம் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன். மூன்று நாள் இப்படிப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். சொல்சாராக் கற்றல் குறைபாடு. சொல்லாக வருவதெல்லாம் எனக்கு ஏறும், சொல் இல்லாமல் வருவது ஏறாது. திசை, தூரம், மற்றவர் முகம், குரலில் ஒளிந்திருக்கும் கோபம், செருப்பு வார் எல்லாம் இரண்டாவது வகை. நான் மந்தம் இல்லையாம், சோம்பேறியும் இல்லையாம். இதை அவர் சொன்னபோது அழுதுவிட்டேன். அழுததற்குக் காரணம் எனக்கே தெரியவில்லை. மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வழிகள் இருக்கின்றன என்றார்.

ஒரு வழி நானே வைத்திருந்தேன். பாதையைச் சொல்லாக மாற்றிவிடுவது. வீட்டுப் படலைக் கதவு, கோயில் சுவர், மருந்துக் கடை, பச்சைப் பலகை போட்ட தையற்கடை, பாண் பேக்கரி, அச்சகம். இதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தால் போய்ச் சேர்ந்துவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை தையற்கடைக்காரர் பச்சைப் பலகையைக் கழற்றிச் சாயம் பூசக் கொண்டுபோய்விட்டார். பலகை இல்லாததால் கடையும் இல்லாமல் போய்விட்டது. இரண்டு மணி நேரம் அலைந்தேன். கடைசியில் ஒரு சோதனைச் சாவடிக்கு முன்னால் போய் நின்றேன். ஆமிக்காரன் அடையாள அட்டையைக் கேட்டான். என் விரல்கள் சட்டைப்பைப் பொத்தானோடு மல்லுக்கட்டின. அவன் குரல் உயர்ந்தது. எனக்குப் பயம் வந்தால் பேச்சு நிற்காது என்று உனக்குத் தெரியுமே. அம்மா பெயர், தோட்டத்து டிவிசன், பள்ளிக்கூடம் என்று சிங்களத்தில் ஒப்பித்துக்கொண்டே அவன் பக்கத்தில் போய்விட்டேன். துவக்கின் முனை என் நெஞ்சில் தொட்டபோதுதான் எவ்வளவு கிட்டப் போயிருக்கிறேன் என்று தெரிந்தது.

அப்போது வந்து காப்பாற்றியவர் செல்லச்சாமி அண்ணன். எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். முப்பது வயதிருக்கும். அந்தப் பக்கம் வந்தவர், "இவரு நம்ம பிரஸ்ஸு பையன் மாத்தயா, கொஞ்சம் பயந்தவரு" என்று சிங்களத்தில் சொல்லிக் கூட்டிவந்தார். இப்போது தினமும் அவரோடுதான் போகிறேன், வருகிறேன்.

உனக்குப் போன் எடுக்கச் சொல்லி அம்மா சொன்னாள். போனில் மற்றவர் பேசி முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எனக்குத் தெரிவதில்லை. கடிதமே போதும். கோபம் இருந்தால் "எனக்குக் கோபம்" என்று எழுது.

உன் தம்பி,
கணபதி


சல்மியா, குவைத்
18.2.2000

தம்பிக்கு,

எனக்குக் கோபம். எழுதிவிட்டேன், போதுமா?

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். துவக்கு என்று நீ எழுதிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் கதவைத் தட்டும்வரை எழும்ப முடியவில்லை. நான் இங்கே வீட்டு வேலைக்கு வந்ததே நீ அங்கே வீட்டோடு பத்திரமாக இருப்பாய் என்று நம்பித்தான். வெள்ளாட்டை ஓநாயிடம் விட்டதுபோல ஆகிவிட்டதே. கலஹா டவுனில் எதிர்ப்பக்கம் போவதற்கே என் கையைப் பிடிப்பாய், உனக்குக் கண்டி கேட்கிறதா?

டொக்டர் சொன்ன பெயரை நாலு தடவை வாசித்தேன். சின்ன வயதில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டதற்காக உன்னை எத்தனை தடவை அடித்திருப்பேன்! பீலியில் இருந்து தண்ணீர் கொண்டுவரும்போது பாதியை ஊற்றிவிடுவாய், வேண்டுமென்றே செய்கிறான் என்று அம்மாவிடம் நானே மூட்டிவிட்டிருக்கிறேன். வாயால் அத்தனை கதை அளக்கிறவனுக்கு ஒரு குடத்தை நேராகப் பிடிக்கத் தெரியாதா என்று நினைத்தேன். அந்த டொக்டர் அம்மா பதினைந்து வருஷம் முந்தி எங்கே போயிருந்தாள்? தெரியாமல் அடித்துவிட்டேன்டா. மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது கேள். அந்தச் செல்லச்சாமி யார்? எந்தத் தோட்டம்? குடும்பம் எங்கே? வேலை மெனக்கெட்டு ஒருவனைத் தினமும் கூட்டிக்கொண்டு போக அவனுக்கு என்ன வந்தது? எண்ணெய் இல்லாமல் எந்தத் திரியும் எரியாது. இங்கே என் மேடம் சிரிக்கும்போதுதான் நான் அதிகம் பயப்படுவேன். முகம் பார்க்கத் தெரிந்த எனக்கே ஆட்களை நம்பப் பயம். உனக்கு முகமும் தெரியாது. ஆகவே அவன் பேசுவதை அப்படியே எழுது. ஒரு சொல் கூட்டாதே, குறைக்காதே, அது உனக்கு வரும். முகத்தை நான் இங்கிருந்து ஊகித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அடையாள அட்டையை எவனிடமும் கொடுக்காதே. பிரஜாவுரிமை இல்லாததால், அப்பா சாகும்வரை அலைந்தும் அவருக்குக் கிடைக்காதது அது. ஆமிக்காரன் கேட்டால் காட்டு, உடனே வாங்கிக்கொள். வேறு எவன் கேட்டாலும் இல்லை என்று சொல். உனக்குப் பொய் வராதென்றால் ஓடிவிடு.

அக்கா,
இராஜகுமாரி


கட்டுக்கலை, கண்டி
27.2.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. நான் கணக்குப் பார்த்தேன், பன்னிரண்டு நாள் போக, பன்னிரண்டு நாள் வர. காத்திருக்க முடியாததால் எழுதுகிறேன்.

இந்த வாரம் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. காரணம் செல்லச்சாமி அண்ணன். புதன்கிழமை சோதனையில் மறுபடியும் கை உதறி அட்டையைக் கீழே போட்டேன். சாக்கடை ஓரம். குனிந்து தேடும்போது ஆமிக்காரன் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள். அன்று பின்னேரம் அண்ணன் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, ஒன் கையி ஒனக்கே எதிரி. என்னைக்காவது ஒரு நா கார்ட தொலச்சிப்புட்டு நிப்ப. கார்டு இல்லாதவன் இந்த ஊர்ல செத்தவனுக்கு சமம், அது எனக்கு தெரியும். எங்கிட்ட குடுத்து வையி. ரெண்டு பேரும் சேந்துதானே போறோம், கேக்கிற நேரம் நான் எடுத்து நீட்டுறேன்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கொடுத்துவிட்டேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவர்தான் எடுத்து நீட்டினார். ஆமிக்காரன் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், விட்டுவிட்டான். அண்ணனிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. எங்கள் தெருச் சாவடியில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், மெஷின்காரர் என்று கூப்பிடுகிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அச்சகத்தில் இருப்பதில்லை. அட்டையும் அவரோடு போய்விடுகிறது. இன்று ஞாயிறு. கடிதத்தைப் பெட்டியில் போடக்கூட நான் வெளியே போக முடியாது. உம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். ஞாயிறுகளில் எங்கே போகிறீர்கள் என்று போன வாரம் அண்ணனிடம் கேட்டேன். "ஒரு ஆளப் பாத்துட்டு வாறேன் தம்பி" என்றார். யார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லாதவர்களை எனக்கு விளங்குவதில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கேட்பேன். மூன்று தடவை கேட்டேன். எழும்பிப் போய்விட்டார்.

பஸீஹா உம்மாவிடம் அட்டை விஷயத்தைச் சொன்னேன். "யா அல்லாஹ்" என்றார்.

கணபதி


சல்மியா, குவைத்
10.3.2000

கணபதி,

வாங்கு. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே போய் அட்டையை வாங்கு.

உனக்கு விளங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அட்டையோடு ஒருவன் போகிறான். அந்த அட்டையில் உன் பெயர் இருக்கிறது. அவன் எங்கேயாவது ஏதாவது செய்தால் செய்தவன் பெயர் கணபதி. தேடி வருவது உன் அம்மா வீட்டுக்கு. "கார்டு இல்லாதவன் செத்தவனுக்குச் சமம், அது எனக்குத் தெரியும்" என்றானே, எப்படித் தெரியும் என்று நீ கேட்டாயா? நம் ஊரில் நேற்றுவரை அட்டை இல்லாதவர் எத்தனை பேர்? அவனிடம் அட்டை இல்லை தம்பி. இதை நான் நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து சொல்கிறேன், நீ தினமும் பக்கத்தில் நடக்கிறாய்.

சாப்பாடு இறங்கவில்லை. நேற்று மேடமின் பிள்ளைக்குப் பால் காய்ச்சும்போது அடுப்பில் விட்டுவிட்டேன். திட்டு வாங்கினேன். அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை. அதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நீ தனியாகப் பயப்படவில்லை என்று தெரியட்டும்.

வாங்கிக்கொண்டு கலஹாவுக்குப் போ. வேலையும் வேண்டாம், கண்டியும் வேண்டாம்.

அக்கா


கட்டுக்கலை, கண்டி
19.3.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பெப்ரவரிக் கடிதம் மார்ச் முதலாம் தேதி கிடைத்தது. அன்றைக்கே அட்டையைக் கேட்டேன். "திங்கக்கெழம தாறேன் தம்பி" என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு.

இப்போது அட்டை என்னிடம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பயப்படாமல் மற்றதை வாசிக்க. ஆனால் மற்றது நல்லதில்லை.

போன ஞாயிறு பேராதனைச் சந்தியில் செல்லச்சாமி அண்ணனைப் பிடித்திருக்கிறார்கள். திங்கள் காலை பொலிஸார் பஸீஹா உம்மா வீட்டுக்கு வந்து, "உங்கள் வீட்டில் பதிந்திருக்கும் கணபதியைப் பிடித்திருக்கிறோம். படமும் ஆளும் ஒத்தும் இருக்கிறது, ஒவ்வாமலும் இருக்கிறது. நீங்கள் வந்து ஆள் இவர்தான் என்றால் விட்டுவிடுகிறோம்" என்று சொன்னார்களாம். நான் அப்போது அச்சகத்தில் ஒரு கல்யாணக் கார்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். அப்போதுதான் முதலாளி உண்மையைச் சொன்னார். அண்ணனிடம் அட்டையே கிடையாது. அவருடைய அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை, இவருக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை. அதனால்தான் அச்சகத்திலேயே படுக்கிறார், எந்த வீட்டிலும் பதிய முடியாது. மனைவி லெபனானுக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆறு வயது மகள் பிலிமத்தலாவையில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெயரைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்க்கப் போயிருக்கிறார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

உம்மா ஒரே நிமிஷத்தில் முடிவெடுத்தார். "நான் போய் இவர்தான் கணபதி எண்டு செல்லிட்டு வாரேன். பொய்தான், அல்லாஹ் மன்னிப்பான். அவரும் வருவார், உங்கட கார்டும் வரும்" என்றார். அச்சகத்துக்கும் பொலிஸ் வரலாம், இவனை இங்கே வைக்க வேண்டாம் என்றார் முதலாளி. வீட்டுக்கும் வரலாம். கலஹா பஸ்ஸில் ஏற்றினால் வழியில் சோதனை, என் கையில் அட்டை இல்லை. ஆகவே உம்மா என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு போய், பொலிஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள பஸ் தரிப்பிடத்தில் உட்கார வைத்தார். "மகன், இங்கேயே இரிங்க. எங்கயும் போக வாணாம்" என்றார்.

நான் எங்கேயும் போகவில்லை அக்கா. பேச வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். மற்றவர்களுக்குத் தேவையில்லைதான்.

ஒரு பொலிஸ்காரர் பக்கத்துக் கடைக்கு வெற்றிலை வாங்க வந்தார். நான் பயத்தில் எங்கள் தெருப் பாதையை முணுமுணுத்துக்கொண்டு இருந்தேன். என்னைப் பார்த்து, "நம மொகத்த?" என்றார். பெயர் என்ன என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டும். எழுந்து நின்று கறுப்பையா கணபதி என்றேன். அட்டை எண்ணையும் சொன்னேன். பிறந்த திகதி, தோட்டம், டிவிசன் எல்லாம் சொன்னேன். பயம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காதே. அவர் முகத்தில் ஏதோ நடந்தது. வெற்றிலையை வாங்காமல் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே உம்மா மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆள் இவர்தான் என்ற தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். சுவரோரம் செல்லச்சாமி அண்ணன் நின்றார், சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களில் யார் கணபதி?" என்று தமிழிலேயே கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை உனக்குச் சொல்லால் எழுதுகிறேன், நீ கவனமாக வாசி. புருவம் இரண்டும் நடுப்பக்கம் மேலே ஏறியிருந்தன. கண்கள் வழக்கத்தை விட அகலமாக, இமைக்காமல் இருந்தன. உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. தலை ஒரு விரற்கடை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது, இரண்டு தடவை. கழுத்துப் பிடித்திருக்கிறதா, ஈ மொய்க்கிறதா, என் மேல் கோபமா என்று யோசித்தேன். அந்த அறையில் எல்லோருக்கும் விளங்குகிற ஒன்று எனக்கு மட்டும் விளங்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. பிறந்ததிலிருந்து எனக்கு இருக்கிற பயம் அதுதான் அக்கா. ஆகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, ஒங்க மொகம் என்னா சொல்லுதுனு எனக்கு வெளங்கல. நான் என்னா சொல்லணும்? வாயத் தொறந்து சொல்லுங்க."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். உம்மா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பிறகு சிரித்தார். சிரிப்பு எனக்குத் தெரியும், அதற்குச் சத்தம் இருக்கிறது. அதிகாரியின் பக்கம் திரும்பி, "இவந்தாங்க கணபதி. நான் செல்லச்சாமி. கார்டு இவன் குடுக்கல, நான்தான் திருடினேன். இந்தம்மாவுக்கு கண்ணு சரியா தெரியாதுங்க, தெரியாம கையெழுத்து போட்டாங்க" என்றார்.

உம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோப்பார். அட்டையும் திருடியது அல்ல, நான் கொடுத்தது. இரண்டையும் திருத்த வாயெடுத்தேன். உம்மா என் காலை மிதித்தார். மிதித்தால் எனக்கு விளங்கும்.

எங்களை இரண்டு மணி நேரம் வைத்திருந்து, அதட்டிவிட்டு, அட்டையைத் தந்து அனுப்பினார்கள். அண்ணனைப் புதன்கிழமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து போகம்பரைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த தவணை எப்போது என்று முதலாளிக்கும் தெரியவில்லை.

அந்த முகம் என்ன சொன்னது என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். உம்மா, "அவர் உங்களப் பார்க்கவே இல்ல மகன்" என்கிறார். அது பொய், நான் பார்த்தேன். முதலாளி, "விடு கணபதி, நடந்தது நடந்துபோச்சி" என்கிறார். அது பதில் இல்லை. நீ எனக்குப் பொய் சொன்னதில்லை. அடித்திருக்கிறாய், பொய் சொன்னதில்லை. அவர் என்னிடம் என்ன கேட்டார்? அவர் கேட்டதைச் செய்தேனா, செய்யாமல் கெடுத்தேனா? இது தெரியாமல் எனக்கு அச்சகத்தில் ஒரு வரியும் ஓடவில்லை. மெஷினை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார்.

கணபதி


சல்மியா, குவைத்
3.4.2000

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதிய முகத்தை நான் செய்து பார்த்தேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, புருவத்தை நடுவில் ஏற்றி, கண்ணை அகல விரித்து, உதட்டை மடித்து, தலையை இரண்டு தடவை ஆட்டினேன். மூன்றாவது தடவை செய்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அன்றைக்குப் பால் பொங்கியபோது மேடம் கை ஓங்கினாளே, அப்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

மூன்று நாள் யோசித்தேன், உனக்கு எதை எழுதுவது என்று. உம்மா சொன்னதையே நானும் சொல்லிவிடலாம். அல்லது, "சொல்லிவிடு தம்பி என்றுதான் அவர் முகம் சொன்னது" என்று எழுதலாம். நீ நம்புவாய். நான் எழுதுவதை எல்லாம் நம்புகிறவன் நீ. அதனால்தான் முடியவில்லை.

அது "சொல்லாதே" என்கிற முகம். நீ கணபதி இல்லை என்று சொல்லிவிடு, என்னைக் காப்பாற்று என்கிற முகம். அவர் உன்னிடம் உன் பெயரைக் கேட்டார், தம்பி.

உனக்கு அது விளங்கியிருந்தால் நீ கொடுத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறவன். நான் கணபதி இல்லை என்று சொல்லிவிட்டு, அட்டையும் பெயரும் இல்லாமல் அந்தச் சுவரோரம் நின்றிருப்பாய். அவர் தன் மகளைப் பார்க்க நடந்து போயிருப்பார். நீ இன்றைக்கு எங்கே இருந்திருப்பாய் என்று நினைக்கவே எனக்குக் குலை நடுங்குகிறது.

இருபத்திரண்டு வருஷமாக, என் தம்பிக்கு மற்றவர் முகம் தெரியவில்லையே என்று பிள்ளையாரிடம் அழுதிருக்கிறேன். உன் கடிதத்தை வாசித்த அன்று, தெரியாமல் வைத்ததற்கு அதே பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, ஆறு வயதுப் பிள்ளை ஒன்று ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்குமே என்று நினைவு வந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நீ கேட்டது உண்மையைத்தானே.

ஆனால் நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று நீ கேட்டாய். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். முகத்தால் கேட்டதை வாயால் கேட்க அந்த மனிதனால் முடியவில்லை. வாயால் கேட்க முடியாததை ஒருவன் உன்னிடம் கேட்டால், அது உனக்கு விளங்காமல் போவதில் ஒரு தப்பும் இல்லை. அவரைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். ஓநாய் இல்லை அவர். பயந்துபோன ஒரு தகப்பன்.

நீ கெடுத்தாயா என்று கேட்டாய். கெடுத்தாய். காப்பாற்றவும் செய்தாய். இரண்டும் ஒரே வாயால், ஒரே நேரத்தில். இதற்கு மேல் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன கடிதத்தில் கலஹாவுக்குப் போ என்று எழுதியிருந்தேன். போகாதே. பிலிமத்தலாவைக்குப் போ. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் எங்கே என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்றுகூடத் தெரியாது. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் என்னென்ன கடைகள் என்று முதலாளியிடம் கேட்டுச் சொல்லாக எழுதி வாங்கிக்கொள். முதல் தடவை உம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. அந்தப் பெரியம்மா உன்னை வையலாம், கதவைச் சாத்தலாம். பிள்ளை உன்னைப் பார்க்கிற பார்வை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியப் போவதில்லை. எனக்கு அங்கே நிற்க நேர்ந்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி ஓடிவந்துவிடுவேன்.

உன்னால் நிற்க முடியும். போய் வா.

இராஜகுமாரி